சொந்த ரத்தம் என்றால் யாருடையது?

போன வாரம் கடலூரில் ஒரு கிளினிக்கிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

மரியாதையாகத்தான் சொன்னார்கள். "சார், கொஞ்சம் வெளிய வெயிட் பண்ணுங்க. மத்த பேஷண்ட்ஸ் டிஸ்டர்ப் ஆவுறாங்க." மற்ற பேஷண்டுகள் யாரும் டிஸ்டர்ப் ஆனதாகத் தெரியவில்லை. கரண்ட் இல்லாததால் டிவி ஓடவில்லை. அதனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கோபம் பழக்கம்தான். தண்ணீர் கேன்காரரிடம் கத்தியது, கல்யாண மண்டபத்தில் மைக் செட்காரரிடம் கத்தியது எல்லாம் எழுதியிருக்கிறேன். சிதம்பரம் மேல வீதியில் என்னைப் பார்க்கிறபோதெல்லாம், "பி.பி.யைப் பாத்துக்குங்க சார்" என்று அக்கறையோடு சொல்கிற வாசகர்கள் உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள்... இந்த ஒரு வாரம் என்னை விட்டுவிடுங்கள். முழுக்கப் படித்துவிட்டு, இந்தக் கோபம் நியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் என் தங்கை வீட்டுக்காரருடைய கால்.

பெயர் கனகசபை. கோயிலைச் சுற்றியுள்ள நாலு வீதிக்குள் பிறந்து வளர்ந்தவர். வேலைக்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியேறியவர். ஊரை விட்டாலும் தேரை விடமாட்டார். வருஷா வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்கு வடம் பிடிக்கச் சிதம்பரம் வந்துவிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வார். சர்க்கரை வியாதி இருக்கிறது. மாத்திரை போடுகிறார் — ஞாபகம் வந்தால்.

இந்த வருஷமும் வந்தார். ஆனி வெயிலில் தார் ரோடு எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவோரத்து வீட்டுக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் வடம் பிடித்தவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துத் தவித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் நிதானமாக நடந்தார். வீட்டுக்கு வந்து மோரை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"காலே சுடல மச்சான். அவனவன் குதிக்கிறான், எனக்குச் சூடே தெரியல. சாமி கிருபை."

என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கிருபை இல்லை ஐயா அது, நரம்பு. வருஷக்கணக்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறி ஏறி, பாதத்து நரம்பு மரத்துப்போயிருந்தது. சுடுகிறது என்று சொல்ல வேண்டிய கால், சொல்வதை நிறுத்திவிட்டது. மறுநாள் பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். கொப்புளம் உடைந்து புண். ஆடி வந்தது, போனது, ஆவணியும் வந்தது. புண் ஆறவில்லை. இருந்த இடத்திலேயே ஆழமாகிக்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் கடலூரில் ஒரு பெண் சர்ஜனிடம் காட்டினார்கள். அவர் தெளிவாகத்தான் சொன்னார். புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும், காலை ஊன்றக் கூடாது, சர்க்கரையை இறக்க வேண்டும், எலும்பு வரைக்கும் போய்விட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். இதில் கனகசபையின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும். பெருவிரல் இல்லாமல் அடுத்த வருஷம் எப்படிக் காலை ஊன்றி வடம் இழுப்பது? அதுதான் அவருக்குப் பெரிய கவலை. அந்த சர்ஜன் பக்கமே அதற்குப் பிறகு போகவில்லை. நான் போனில் கேட்டால், "பரவால்ல மச்சான், ஆறிக்கிட்டு வருது" என்பார்.

அந்த நேரம் பார்த்து, காலைப் பேப்பருக்குள் மடித்து வைத்து ஒரு நோட்டீஸ் வந்தது. பளபளவென்று கலரில். 'ஸ்டெம் செல் சிகிச்சை. கத்தியில்லை, தையலில்லை. ஆறாத புண், தேய்ந்த மூட்டு, கொட்டும் முடி — அனைத்துக்கும் ஒரே தீர்வு.'

முடிக்கும் புண்ணுக்கும் ஒரே தீர்வா? அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வராது. பயந்துபோன வீட்டில் சந்தேகத்துக்கு இடம் ஏது? என் தங்கை மல்லிகா விசாரிக்கக் கிளம்பிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. "உங்கிட்ட சொன்னா கத்துவ" என்று பிற்பாடு காரணம் சொன்னாள்.

கிளினிக் முன்மேஜையில் உட்கார்ந்திருந்த பெண் மல்லிகாவிடம் சொன்னதை, மல்லிகா சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"பயமே இல்லம்மா. வெளி மருந்து ஒண்ணும் கெடயாது. சொந்த ரத்தம்தான். அதை எடுத்து மெஷின்ல சுத்தி, புண்ணு மேல வெச்சிடுவோம். சொந்த ரத்தமா இருக்கணும், அவ்ளோதான். வேற ஆளுங்களோடது ஒத்துக்காது."

சொந்த ரத்தம்.

நீங்களே சொல்லுங்கள். தமிழில் சொந்த ரத்தம் என்றால் யாருடைய ரத்தம்? "என்ன இருந்தாலும் சொந்த ரத்தம், விட்டுக்குடுக்க முடியுமா" என்று நாம் பேசுகிறோமே, அது யார் ரத்தம்? பெற்ற பிள்ளை. கூடப் பிறந்தவர்கள். ஒருத்தரும் தன் உடம்பில் ஓடுகிற ரத்தத்தைச் சொந்த ரத்தம் என்று சொல்லிக்கொள்வதில்லை. இங்கிலீஷில் இருந்ததை யாரோ வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கி, அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். "உங்க வீட்டுக்காரர் கையில இருந்தே எடுப்போம்" என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது.

மல்லிகா வீட்டுக்கு வந்து யோசித்தாள். பெண்டாட்டி ரத்தம் சொந்த ரத்தத்தில் சேராது. மச்சான் ரத்தம் — அதாவது என்னுடையது — அதுவும் சேராது. மாமனார் மாமியார் காலமாகிவிட்டார்கள். ஒரே மகள் பெங்களூரில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். பச்சை உடம்புக்காரியிடம் ரத்தம் கேட்க முடியுமா? மிச்சம் ஒரே ஒருத்தர். கனகசபையின் அண்ணன் அம்பலவாணன். திட்டக்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார்.

அங்கேதான் இடித்தது. அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

காரணம், அந்த மகளின் கல்யாணப் பத்திரிகை. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று கீழே வரிசையாகப் பெயர் போடுவோம் இல்லையா, அதில் அம்பலவாணன் பெயர் விட்டுப்போய்விட்டது. எழுதிக் கொடுத்ததில் விட்டதா, அச்சகத்தில் விட்டதா — இன்றுவரை தெரியாது. என் பெயர் இருந்தது. பல்லு முளைக்காத குழந்தைகளின் பெயர்கூட இருந்தது. பெண்ணின் பெரியப்பா பெயர் இல்லை. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் அவர் வீட்டு விசேஷத்துக்கு இவரும் போகவில்லை. நம் பக்கத்தில் சொத்துத் தகராறு கூடப் பேசித் தீர்ந்துவிடும். பத்திரிகையில் பேர் விட்டுப்போனது தீராது.

"அவன் வாசல்ல போயி ரத்தம் குடுன்னு நிக்கணுமா? காலு போனா போவட்டும்" என்றார் கனகசபை.

அவருக்கு வீம்பு இருக்கலாம். புண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா? இவர் 'மாட்டேன், மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. வீட்டில் வாடை வர ஆரம்பித்தது. மல்லிகா ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். தன்னுடைய ரத்தம் தன்னுடைய கையிலேயே ஓடிக்கொண்டிருக்க, ஒரு மனிதர் அண்ணனிடம் கேட்பதா வேண்டாமா என்று அழுகுகிற காலோடு உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் ஒரு நாள் காலையில் மல்லிகாவிடமிருந்து போன்.

"அண்ணே, விரலு கறுப்பாவுது. இன்னிக்கு அந்த ஸ்டெம் செல்லு ஆஸ்பத்திரியில வரச் சொல்லியிருக்காங்க. அவருக்குத் தெரியாம முந்தாநாளே அவுங்க அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். வர்றாங்க. நீயும் வந்துடு, எனக்கு பயமா இருக்குது."

போன் போட்டபோது அம்பலவாணன், "என்னிக்கு வரணும்" என்று மட்டும் கேட்டாராம்.

சட்டையை மாட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்து என் மகள் தேன்மொழிக்குப் போன் செய்தேன். அவள் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இதே ஸ்டெம் செல்களோடுதான் வேலை பார்க்கிறாள். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடம் "செல் வளர்க்கிறாள்" என்று சொல்லி, "செல்போன் கடையா சார்?" என்று கேட்கப்பட்டவன் நான்.

நோட்டீஸ் விவரத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். எரிந்து விழுந்தாள். என் பெண்தானே.

"அப்பா, அது ஸ்டெம் செல்லே இல்ல. ரத்தத்தை மெஷின்ல போட்டுச் சுத்தினா தட்டணுங்க நெறய இருக்கற ஒரு தண்ணி தனியாப் பிரியும். அதைத்தான் புண்ணுல வெக்கிறாங்க. அது ஸ்டெம் செல்லைக் கூப்புடும். அவ்ளோதான். கூப்புடறதையே வந்துட்ட மாதிரி போர்டு போட்டு விக்கிறானுங்க."

டெங்கு வந்தால் ரத்தத்தில் குறைகிறது என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்தத் தட்டணுதான். அடிபட்ட இடத்துக்கு முதலில் ஓடி வந்து அடைப்பது அது. அடைத்துவிட்டு, சில பொருட்களை வெளியே விடுமாம். அக்கம்பக்கத்து ஸ்டெம் செல்கள் அதை உணர்ந்து பெருகும். பெருகி, புண்ணை நோக்கி நகரும்.

"செல்லு நகருமா?" என்று கேட்டேன். எனக்கு அதுவே செய்தி.

"நல்லா நகரும்பா. நாங்க லேப்ல சின்னக் கண்ணாடித் தட்டுல செல்லு வளத்து, நடுவுல ஒரு கோடு கிழிப்போம். கோடு கிழிச்ச எடம் காலியா இருக்கும். ரெண்டு பக்கத்துல இருந்தும் நகந்து வந்து அதை மூடுதான்னு பாப்போம். தட்டணுத் தண்ணி கொஞ்சமா ஊத்தினா சீக்கிரம் மூடுது."

"அப்ப நல்லதுதானே?"

"கொஞ்சமா ஊத்தினா. ஜாஸ்தியாச்சுன்னா செல்லு மந்தமாயிடுது. பெருகவும் மாட்டேங்குது, நகரவும் மாட்டேங்குது. எவ்ளோ சரின்னு நாங்களே இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம். அதுவும் இது சுத்தமான தட்டுப்பா. கனகு மாமா காலு தட்டா? உள்ள சீழ் இருந்தா, ரத்த ஓட்டம் இல்லன்னா, யாரைக் கூப்ட்டு என்ன பிரயோஜனம்? விரல் கறுத்துட்டா மொதல்ல சர்ஜன்தான். உடனே கூட்டிட்டுப் போ."

"சரி. அவரோட அண்ணன் ரத்தம் குடுக்க திட்டக்குடியில இருந்து வர்றாரு..."

"அண்ணன் எதுக்கு?"

"சொந்த ரத்தம் வேணும்னாங்களாம்."

"ஐயோ அப்பா" என்றாள். பிறகு விளக்கினாள். பரங்கிப்பேட்டை பிரிகிற இடத்தில், ஓடுகிற பஸ்ஸில், எனக்கு அந்த இரண்டு வார்த்தையின் அர்த்தம் புரிந்தது. உடனே மல்லிகாவுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். கிளினிக்கில் போனை அணைக்கச் சொல்லியிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மஞ்சக்குப்பத்தில் கிளினிக் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே கரண்ட் இல்லை. கூப்பிடு தூரத்தில் நெய்வேலி, அங்கே எடுக்கிற கரண்ட் எங்கெங்கேயோ போகிறது, கடலூரில் ரத்தம் சுற்றுகிற மெஷினுக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த மின்வெட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதனால்தான் இன்னும் எதையும் ஆரம்பிக்கவில்லை. கனகசபை உள் அறையில் படுத்திருந்தார். சும்மா காட்டிவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் மல்லிகா அவரைக் கூட்டி வந்திருந்தாள். அண்ணன் வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

அம்பலவாணன் வெளி ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. இடது கையை முழங்கைக்கு மேலே வரைக்கும் மடித்து விட்டிருந்தார். ஊசி போட வசதியாக.

"வா மச்சான்" என்றார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. "மல்லிகா போன் பண்ணதுல இருந்து பீடி தொடல. காலையில பல்லு வெளக்கிட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். ரத்தம் சுத்தமா இருக்கணும்ல?"

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாமா, ஒரு நிமிஷம்..." என்றேன். அதற்குள் அவர் எழுந்து முன்மேஜைக்குப் போய்விட்டார்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா ஆவும்? எடுக்கறதை எடுத்துக்குங்களேன்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தது. "நீங்க யாரு சார்?"

"கனகசபைக்கு ரத்தம் குடுக்க வந்திருக்கேன்."

அது சிரித்துவிட்டது. கெட்ட சிரிப்பில்லை, சின்னப் பெண்ணின் சிரிப்பு.

"ஐயோ, உங்க ரத்தம் வேணாம் சார். சொந்த ரத்தம்தான் வேணும்."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அம்பலவாணன் மடித்துவிட்ட சட்டைக் கையை மெதுவாக இறக்கினார். மணிக்கட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். மல்லிகாவைப் பார்த்து, "பத்திரிகையில பேரு இல்லன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்மா" என்றார். வேகமாக வெளியே நடந்தார்.

கத்தினேன். ஆமாம், கத்தினேன். அந்தப் பெண்ணிடம் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிற பிள்ளையைத் திட்டி என்ன ஆகப்போகிறது? சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கோட் போட்டவர் வந்தார். அவரிடம் கேட்டேன்.

"டாக்டர், இது ஸ்டெம் செல்லா, தட்டணுவா?"

"அதெல்லாம் டெக்னிக்கல் சார்."

"நோட்டீஸ்ல ஸ்டெம் செல்னு போட்டீங்களே, அது டெக்னிக்கல் இல்லையா?"

"இது ஸ்டெம் செல்லை ஆக்டிவேட் பண்ணும் சார். ரெண்டும் ஒண்ணுதான்."

"பத்திரிகை வைக்கிறதும் பந்தியில உக்காந்து சாப்பிடறதும் ஒண்ணா?"

காலுக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை. இன்றைக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? இல்லை. விரல் கறுத்திருக்கிறதே, பார்த்தீர்களா? பார்த்தாராம். அதற்குத்தான் ஒரு யோசனை வைத்திருந்தார்.

"புண்ணு கொஞ்சம் டீப்பா இருக்கு சார். டபுள் டோஸ் வெச்சா சீக்கிரம் ஆறிடும். அதுக்குத் தனி பேக்கேஜ் இருக்கு."

எவ்வளவு ஊற்றினால் சரி என்று என் பெண் ராத்திரி பகலாகத் தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவர் டபுள் டோஸ் என்கிறார், பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுகிற மாதிரி. அப்போதுதான் என்னை வெளியே போகச் சொன்னார்கள். நானும் போனேன். கனகசபையையும் ஒரு பக்கம் தாங்கிக் கூட்டிக்கொண்டுதான் போனேன். "என்னா மச்சான், என்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆட்டோவில் ஏற்றி, நேரே அந்தப் பெண் சர்ஜனிடம் போகும்படி மல்லிகாவிடம் சொன்னேன்.

ஆட்டோவில் ஏறப்போன மல்லிகா நின்றாள். "அண்ணே, அவுங்க செருப்பு இங்கயே கெடக்குது."

அம்பலவாணனின் செருப்பு. பழுப்பு நிறத்தில், குதிகால் தேய்ந்து, குவியலுக்குப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு ஆட்டோ பிடித்தேன். கோபத்தில் போகிறவர் வேறெங்கே போவார்? திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குத்தான். கெடிலம் பாலத்தில் ஆளைக் காணோம். பாலம் தார் உருகிப் பளபளத்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள், திட்டக்குடிக்கு மாறிப் போகிற விருத்தாசலம் பஸ் நிற்கிற இடத்தில், நிழலில்கூட ஒதுங்காமல், நட்ட நடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, செருப்ப விட்டுட்டு வந்துட்டீங்க."

குனிந்து காலைப் பார்த்தார். "அட, ஆமாம்" என்றார்.

"மஞ்சக்குப்பத்துல இருந்து நடந்தா வந்தீங்க? இந்த வெயில்ல? கால் சுடல?"

"தெரியல மச்சான். கோவத்துல வந்தேனா... சூடே தெரியல."

இந்த வாக்கியத்தை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். என் வீட்டில், மோர் டம்ளரோடு, இவர் தம்பி வாயால். அவர் சாமி கிருபை என்றார், இவர் கோபம் என்கிறார்.

பிடித்து இழுத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். "அட, என்னா மச்சான் காலப் புடிக்கிற, விடு" என்று கூச்சப்பட்டார். உள்ளங்கால் சிவந்து கிடந்தது. குதிகாலில் ஒரு சரளைக் கல் ஏறி ரத்தம் கசிந்திருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"மாமா, உங்களுக்குச் சக்கர இருக்கா?"

"எனக்கா? நான் டீயில கூட ஜாஸ்தி சக்கர போட மாட்டேன்."

"டெஸ்ட் எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? நல்லாத்தான இருக்கேன்."

அங்கேயே, பஸ் ஹாரன்களுக்கு நடுவில், சொந்த ரத்தத்துக்கு அர்த்தம் சொன்னேன். கனகசபை கையிலிருந்து எடுத்துக் கனகசபை காலிலேயே வைப்பது. அண்ணன் தம்பிக்கெல்லாம் அதில் வேலையே இல்லை. நீங்கள் வந்ததே அவருக்குத் தெரியாது. உங்களை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

விருத்தாசலம் பஸ் கிளம்பிப் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"அவன் ரத்தம்னு சொல்ல வேண்டியதுதான மச்சான்? அதுல என்னா கஷ்டம்?" என்றார்.

இதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். என்ன கஷ்டம்? 'ஸ்டெம் செல்' என்று சொன்னால் கூட்டம் வருகிறது. 'உங்கள் ரத்தத்தையே சுற்றி உங்களுக்கே வைக்கிறோம், எல்லோருக்கும் பலிக்காது, முதலில் புண் சுத்தமாக இருக்க வேண்டும்' என்று நல்ல தமிழில் சொன்னால், பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். அந்தக் கஷ்டம்தான். ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை. என் பெண்ணே அதைச் செய்கிறாள். நாளைக்கு அது எத்தனையோ கால்களைக் காப்பாற்றட்டும். தட்டில் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதை, வாசலில் போர்டு மாட்டி, புரியாத வார்த்தையில் விற்கிறார்கள் பாருங்கள் — அவர்களைத்தான் சொல்கிறேன்.

அம்பலவாணனையும் அந்த சர்ஜனிடம் கூட்டிக்கொண்டு போனேன். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தார்கள். தம்பியைவிட அண்ணனுக்குச் சர்க்கரை ஜாஸ்தி. சர்ஜன் அவர் பாதத்தில் ஒரு மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். பாதி இடத்தில் தெரியவில்லை. கல்லை எடுத்துச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். இவர் சரியான நேரத்தில் வந்தவர். இந்தக் கால் தப்பித்தது.

தம்பி நேரத்துக்கு வந்தவர் இல்லை. எலும்பு வரைக்கும் போயிருந்தது. மறுநாள் பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

"ஆடியிலேயே திரும்பி வந்திருந்தா விரலை விட்டுவெச்சிருக்கலாம்" என்று சர்ஜன் சொன்னார். ஆடியில் இவர் பயந்துகொண்டிருந்தார். ஆவணியில் அண்ணனிடம் கேட்பதா என்று முறைத்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வார்த்தைக்காக அத்தனை நாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த கனகசபை, பக்கத்து நாற்காலியில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உனக்கு என்னா காலுல?"

"உனக்கு ரத்தம் குடுக்க வந்தேன்."

ரத்தம் கொடுக்க வந்தவருக்குக் காலில் ஏன் கட்டு என்று கனகசபை கேட்கவில்லை. சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் நனைந்தது. அம்பலவாணன்தான் பேசினார்.

"பேரனுக்குப் பேரு வெக்க பத்திரிகை அடிப்பியாமே. மல்லிகா சொல்லிச்சு."

"அடிக்கணும்."

"என்கிட்ட காட்டிட்டு அடி."

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணன் தம்பி பேசுவதற்கு ஒரு பெருவிரலைக் கொடுக்க வேண்டுமா? நேற்றுக் காலையில் சிதம்பரத்தில் என் வீட்டுப் பேப்பருக்குள்ளும் அதே நோட்டீஸ் வந்து விழுந்தது. அதே கலர், அதே ஸ்டெம் செல், அதே கொட்டும் முடி. இப்போது கூடுதலாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். 'உங்கள் சொந்த ரத்தத்திலிருந்தே.' என் சத்தத்தால் கடலூரில் ஆனது அவ்வளவுதான். கிழித்துப் போட்டேன். கிழித்து என்ன? தெருவில் மற்ற வீடுகளிலும் விழுந்திருக்கும்.

எனவே, பி.பி.யைப் பாத்துக்குங்க சார் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். நானும் கோபப்படுவேன், நீங்களும் கோபப்படுங்கள். புரியாத வார்த்தை சொன்னால் மேஜையைத் தட்டிக் கேளுங்கள், சத்தம் போடுங்கள், எழுந்து வெளியேறுங்கள்.

ஆனால் கிளம்பும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.